யார் ரத்தம்

"குடுக்கும்போது ஒருத்தன் கையப் பாக்காதிய, குடுத்து முடிச்ச பெறகு அந்தக் கை…" அந்தக் கை என்ன செய்யும் என்றார் பெரியப்பா? சர்ச்சில் ஊருக்கே சோறு போடும் அசனப் பண்டிகை அன்று, கோயில் வளாகத்துப் பந்தலுக்குள், கொப்பரை கொப்பரையாய்ச் சோறும் கத்திரிக்காய்க் கூட்டும் ஆவி பறந்துகொண்டிருக்க, மைக்கை வாங்கினால் கீழே வைக்கத் தெரியாத பெரியப்பா பேசியதில் முன்பாதி மட்டும்தான் ஆசீருக்கு ஞாபகம் இருந்தது. பின்பாதியைப் பசித்த கூட்டத்தின் இரைச்சல் விழுங்கிவிட்டது. அந்தக் கை எங்கே போகுதுன்னு பாருங்க என்றாரா, யார் தோள்மேல போய் உக்காருதுன்னு பாருங்க என்றாரா. "எறும்பு கடிச்ச மாதிரிதான் சார் இருக்கும்," என்றாள் ரத்தம் எடுக்க ஊசியோடு நின்ற ஷமீமா. எறும்பு இல்லை. சாக்கு தைக்கிற கோணூசி. வலது முழங்கையின் உள்பள்ளத்தில் தோலைக் கிழித்து, ஒரு கணம் எதையோ தேடி, நரம்புக்குள் இறங்கியது. இடது கையை அவன் நீட்டவே இல்லை. அது முழுசாய் நீளாது. நீட்டினால் பாதியில் நின்று, கதவிடுக்கில் மாட்டிய பலகை போல் முனகும். குழாய்க்குள் ரத்தம் ஓடி வந்தது. சிவப்பு என்று சொல்ல முடியாது, நாவல்பழத்தை நசுக்கிய நிறம். குழாயை முன்கையோடு சேர்த்துப் பிளாஸ்திரி போட்டு ஒட்டினாள். சூடு. தன் உடம்பின் சூடு வெளியே வந்து தன்னையே தொடுவதை எத்தனை முறை பட்டாலும் பழக முடியவில்லை. கீழே பை கிடந்த தட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாய் ஆடிக்கொண்டிருந்தது, தொட்டில் மாதிரி. ஆட்டாமல் விட்டால் ரத்தம் கட்டிக்கொள்ளும். "பந்த அமுக்கி அமுக்கி விடுங்க," என்று கையில் ரப்பர் பந்தைத் திணித்தாள். "மஞ்சக்காமாலை, மலேரியா எல்லாம் முன்னாலயே கேட்டுட்டேன். இடையில எதுவும் ஞாபகம் வந்தாலும் சொல்லிருங்க, பையத் தூக்கி ஒதுக்கிருவோம். ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டோம். சில பேரு வெக்கப்பட்டுச் சொல்லாம போயிருவாங்க." ஆசீர் தலையாட்டினான். பந்தை அமுக்கினான். விட்டான்.

காலையில் ரத்த வங்கியிலிருந்து கூப்பிட்டார்கள். ஓ நெகட்டிவ், தண்ணி லாரி மோதி இடுப்பு நொறுங்கிய பெரியவர், ஆபரேஷன் செய்ய ரத்தம் இல்லை. அதற்கு மேல் சொல்ல வந்த குரலை, "யாருன்னு எனக்கு வேண்டாம்மா, நான் வரேன்," என்று அவன்தான் நிறுத்தினான். அதுதான் அவன் வைத்திருந்த நேமம். இருபது வருஷத்துக்கு மேல் இங்கிலாந்தில் ஒரு நகராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து, யாருக்கு உதவித்தொகை, யாருக்கு வீடு, யாருக்கு ஒன்றுமில்லை என்று முடிவு சொல்லும் வேலை. அங்கே ரத்தம் கொடுத்தால் சில வாரம் கழித்துக் கைப்பேசியில் ஒரு செய்தி வரும்: உங்கள் ரத்தம் இன்று ஒரு மருத்துவமனைக்குப் போயிற்று. யாருக்கு என்று இருக்காது. முதல் தடவை அதைப் பேருந்தில் வைத்துப் படித்துவிட்டு, பக்கத்தில் இருந்த கிழவி திரும்பிப் பார்க்கும்படி அழுதான். ஒரு தேசத்தில் முகம் தெரியாத ஒருவனுக்குள் தன்னைச் செலுத்த முடிகிறது, அவனும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. ஊர் திரும்பிய பிறகு, அரசு ஆஸ்பத்திரிகளில் 'பதில் ரத்தம்' என்கிற வழக்கத்தை ஒழிக்க ஒரு குழு போட்டார்கள். அதில் அவனையும் சேர்த்தார்கள். உன் ஆளுக்கு ஒரு பை ரத்தம் வேண்டுமென்றால் நீ ஒரு ஆளைக் கொண்டுவந்து ஒரு பை கொடு என்பது வழக்கம். அதனால்தான் பெரியாஸ்பத்திரி வாசலில் எப்போதும் நாலு பேர் ஆட்டோக்காரனையும் கல்லூரிப் பையனையும் மறித்துக் கெஞ்சிக்கொண்டு நிற்கிறார்கள். 'கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் நடுவே அரசு ஒரு திரையாக நிற்க வேண்டும்' என்று அறிக்கையில் எழுதினான். ஆங்கிலத்தில் எழுதியபோது அந்த வாக்கியம் துடைத்த கண்ணாடி மாதிரி இருந்தது. தமிழில் எழுதியதும் திரை என்ற சொல்லில் ஏதோ வாடை அடித்தது. சணல் வாடை, ஒண்ணுக்கு வாடை. குழுவில் ஒரு அதிகாரி சிரித்தார்: "திரையப் போட்டா உள்ள என்ன நடக்குன்னு யாருக்கு சார் தெரியும்?" எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரித்த வாய் காய்ந்துபோய், அன்று முழுக்கத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தான்.

கதவு திறந்தது. கையில் மாம்பழ ஜூஸ் பாக்கெட்டும் பிஸ்கட்டுமாய் ஒரு பெண், நாற்பது வயசிருக்கும், தூங்காத கண்ணும் சீவாத தலையுமாய் உள்ளே வந்தாள். "இவங்கதான் பெரியவரோட மக, தெய்வானை," என்றாள் ஷமீமா. ஆசீருக்குச் சுருக்கென்றது. "யாருன்னு எனக்குத் தெரிய வேண்டாம்னு சொன்னேனே." "நல்லா இருக்கே சார் கத! பேரு தெரியாம, மூஞ்சி தெரியாம ஒரு நன்றிய எந்தப் பக்கம் பாத்துச் சொல்லுவாங்க? இங்க எல்லாருக்கும் வந்து ஜூஸ் குடுத்துட்டுத்தான் போவாங்க. அதுதான் வழக்கம்." தெய்வானை அதற்குள் பாக்கெட்டில் குழலைக் குத்தி அவன் வாய்க்கு நேராய் நீட்டிவிட்டாள். "குடிங்க சார். ஒங்க புண்ணியம். லண்டன்ல இருந்து வந்தவுகன்னு சொன்னாவ. நான் சத்துணவுல அமைப்பாளரா இருக்கேன் சார். நாலு நாளா பிள்ளைகளுக்குச் சோறு எப்படி வடிச்சாவளோ, சாம்பார்ல உப்பு போட்டாவளோ போடலியோ, ஒண்ணும் தெரியாது. எங்கப்பாவுக்குன்னு பாத்து இந்த குரூப்பு. எனக்கும் சேரல, எந்தம்பிக்கும் சேரல. எதுலயும் ஒத்துப்போகாத மனுசன், ரத்தத்துல மட்டும் ஒத்துப்போவாரா?" ஷமீமா சிரித்தாள். ஆசீரும் சிரித்தான். ஜூஸ் இனிப்பாக, நல்ல குளிர்ச்சியாக இருந்தது. "போலீசுல இருந்தாவ சார். கரிசல்பட்டி ஸ்டேசன்ல ரொம்ப வருசம். ஏட்டு கோமதிநாயகம்னா அந்தப் பக்கம் அழுத பிள்ள வாய மூடும்."

பந்து கையில் இருந்தது. அமுக்க வேண்டும் என்று தெரிந்தது. கை அமுக்கவில்லை. கோமதிநாயகம். இந்த ஜில்லாவில் எத்தனை கோமதிநாயகம். எத்தனை ஏட்டு. கரிசல்பட்டி ஒன்றுதான். அப்போது தெற்கூர் பஸ் ஸ்டாப்பில் பஸ் நிற்காது, தெற்கூர்க்காரன் மேலூர் வரை நடந்து போய் ஏற வேண்டும் என்பதுதான் விஷயம். அவ்வளவு சின்ன விஷயம். அண்ணன் ஜெபராஜும் அவனும் இன்னும் ஏழெட்டுப் பேரும் ரோட்டின் குறுக்கே கருவேல முள்ளை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்கள். ஜெபராஜுக்கு இருபத்து மூணு, அவனுக்கு இருபது. போலீஸ் அள்ளிக்கொண்டு போனது ஸ்டேஷனின் பின்னறைக்கு. அங்கேயும் ஒரு தடுப்பு உண்டு. கதவில்லாத வாசல்நிலையில் கோணிச்சாக்கைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். சாக்குக்கு இந்தப் பக்கம் ஆசீர், அந்தப் பக்கம் ஜெபராஜ். எந்த ஊருலே? தெற்கூர். லத்தி. எந்த ஊருலே? தெற்கூர், ஏட்டையா. லத்தி. கேள்விக்குப் பதில் வேண்டாம் என்று புரிய அவனுக்கு மூன்று அடி பிடித்தது. பதில்தான் குற்றம். எந்த ஊருலே? அவன் வாயை மூடிக்கொண்டு இடது கையைத் தலைக்கு மேல் தூக்கினான், லத்தி முழங்கையில் இறங்கியது, முருங்கைக் கிளை முறிகிற சத்தம், அது தன்னிடமிருந்துதான் வந்தது என்று தெரியாமல் யார் என்று திரும்பிப் பார்த்தான். பிறகு அந்த ஆள் சாக்கை விலக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். சாக்குக்கு அந்தப் பக்கம் ஈரத்துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம். அடிக்க அடிக்க, அதற்குள் இருந்து அண்ணன் குரல், முதலில் ஐயா என்று, பிறகு அப்பா என்று, பிறகு எழுத்தே இல்லாமல். நாற்காலி நகர்ந்தது. துணி அடிக்கிற சத்தம் நின்றது. நின்றதுதான் பயமாக இருந்தது. "டீ சொல்லுலே," என்றது ஏட்டின் குரல், சாதாரணமாய், மூச்சு மட்டும் கொஞ்சம் வாங்கியபடி. டீ வந்ததும் இந்தப் பக்கம் வந்து நின்று குடித்தார். கை முட்டியில் ரத்தம். அதைப் பார்த்தார். குனிந்து ஆசீரின் சட்டையில் துடைத்துவிட்டு மிச்ச டீயைக் குடித்தார். அந்தக் கை எங்கே போகிறது என்று பாருங்கள். பெரியப்பா அதைச் சொல்லவில்லை, அவர் சோறு கொடுக்கிற கையைச் சொன்னார், கொடுக்கிற கையும் அடிக்கிற கையும் ஒரே மாதிரித்தான் துடைத்துக்கொள்கின்றன. "பந்து, பந்து," என்றாள் ஷமீமா. "அமுக்கலைன்னா ஓட்டம் நின்னுரும் சார்."

நிற்கட்டும். பாதியில் நின்ற பையை ஏற்ற மாட்டார்கள். பைக்குள் இருக்கிற மருந்துக்கு ஏற்ற அளவு ரத்தம் வேண்டும். குறைந்தால் குப்பைக் கூடைதான். பந்தை அமுக்காமல் இப்படியே படுத்துக்கிடந்தால் போதும். அதுகூட வேண்டாம். ஒரு சொல். காமாலை. போன மாசம் காமாலை வந்துதும்மா, இப்பத்தான் ஞாபகம் வந்தது. ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டோம் என்று அவளே சொன்னாளே. லத்தி வேண்டாம், சாக்கு வேண்டாம், நாற்காலியை நகர்த்த வேண்டாம். பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி அந்தச் சொல் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்திருக்கிறது. துப்பினால் மேல் மாடியில் ஒரு மனுஷன் வெளுத்துக்கொண்டே போய் அணைந்துவிடுவான். இந்தக் கட்டிலில் யாருக்கும் தெரியாது. தெய்வானைகூட அவன் கையைப் பிடித்து, ஒங்க மேல தப்பில்ல சார், காமாலைக்கு நீங்க என்ன செய்வீங்க என்பாள். ஒரு கொலைக்கு நன்றி சொல்லப்படும். அந்த நினைப்பில் உடம்பு முழுக்க ஒரு இதம் பரவுவதை ஆசீர் கண்டான், ரத்தம் வெளியே போகிற உடம்பில் எங்கிருந்தோ புது ரத்தம் வந்து இறங்குகிற இதம், அதுதான் அவனை நடுக்கியது. எவ்வளவு காலமாய் இது உள்ளே சமைந்துகொண்டிருக்கிறது? இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கால் வாங்கி மூட்டில் கத்தி வைக்கும்போதெல்லாம் அவன் யார் மூட்டில் வைத்தான்? கோப்பைப் புரட்டி, மன்னிக்கவும் உங்களுக்குத் தகுதி இல்லை என்று எதிரே இருந்த கிழவனிடம் சொன்ன அந்த ஒரு நாள், அந்தக் கிழவனுக்கும் ஏட்டையாவைப் போலத் தடித்த மீசை இருந்தது, தகுதி இருந்ததா இல்லையா என்று இன்றுவரை அவனுக்கே நிச்சயம் இல்லை. மாடிக்குப் போகலாம். வார்டில் கட்டில் பக்கம் நின்று, நொறுங்கிய இடுப்பின் மேல் கட்டைவிரலை வைத்து, மெதுவாய் எடையை இறக்கி, எந்த ஊருலே என்று கேட்கலாம். சொல்லச் சொல்ல அழுத்தலாம். பையை எடுத்து அந்த முகத்தின் மேல் வைத்துப் பிழியலாம், இந்தா குடி, இந்தா, மூக்கிலும் வாயிலும் தெற்கூர் போய் அடைத்து மூச்சு முட்டட்டும். விரல்கள் பந்துக்குள் புதைந்துபோயிருந்தன. "சூப்பர் சார்," என்றாள் ஷமீமா, "இப்பத்தான் நல்லா ஓடுது."

"எங்களயும் விட மாட்டாவ சார்," தெய்வானை முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்; தூக்கம் இல்லாதவர்கள் பேசுகிற பேச்சு, நிறுத்தத் தெரியாத பேச்சு. "பெல்ட்டுதான். இந்தா புருவத்துல தையல் தெரியுதா, அப்பா போட்டது." அப்பா செய்து போட்ட நகையைக் காட்டுவது போல முகத்தைத் திருப்பிக் காட்டினாள். "எங்கம்மைக்கு ஒரு காது கேக்காமலே போய்ச் சேந்துட்டா. நீ செத்தா ஒரு சொட்டு அழ மாட்டேன்னு நேருக்கு நேரா சொல்லிருக்கேன்." "பெறகு எதுக்கு மதினி இப்படிப் பேயா அலையுதிய?" என்றாள் ஷமீமா. நாலு நாளில் மதினி ஆகிவிட்டிருந்தாள். தெய்வானை அவள் பக்கம் திரும்பினாள். "நீ ஒண்ணு. எங்க பள்ளிக்கூடத்துல ஒரு பய இருக்கான், எங்க வீட்டு ஜன்னல் கண்ணாடிய ஒடச்சவன், என்னயக் கண்டா நாக்கத் துருத்துவான். மத்தியானம் அவனும்தான் தட்டத் தூக்கிட்டு வாரான். தட்ட நீட்டுனாப் போடணும்லா? அப்பாவும் தட்ட நீட்டிட்டாவ." ஆசீர் கண்ணை மூடிக்கொண்டான். எவ்வளவு எளிதாய்ச் சொல்லிவிட்டாள், குழுவில் ஆறு மாசம் பேசியதை. ஆனால் தட்டை நீட்டுகிறவன் கேட்கிறானே, யார் ஆக்கினது என்று கேட்கிறானே. தெற்கூர்ப் பொம்பளை சத்துணவுக்கு ஆக்க வந்தபோது மேலூர்ப் பிள்ளைகள் தட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், அவனே பார்த்திருக்கிறான். சோறு ஆறி, கட்டிப்போய், சாயங்காலம் நாய்க்குப் போயிற்று. இந்த நினைப்பு அவனுக்குள் முடிவதற்குள், கேட்டது போலவே தெய்வானை குரலைத் தாழ்த்தினாள். "ஆனா ஒரு எடஞ்சல் இருக்கு சார்."

நேற்று ரத்தம் கொடுக்க ஒரு பையன் வந்தான், இதே குரூப்பு. பெரியவர் மகளைக் கூப்பிட்டு, யாரு ரத்தம்டி என்று கேட்டிருக்கிறார். சுயநினைவு இருக்கிறது, வாய் நன்றாக இருக்கிறது. ரத்தம்தான் இடுப்பு வழியே போய்க்கொண்டிருக்கிறது. இவளும் வெள்ளந்தியாய்ப் பையனின் ஊரைச் சொல்லியிருக்கிறாள். "வேண்டாம்னுட்டாவ. பைய மாட்டுததுக்கு முன்னாலயே கையில குத்திருந்த ஊசியப் பிடுங்கிட்டாவ சார், மெத்தையெல்லாம் ரத்தம். 'அந்த ரத்தம் உள்ள போனா நான் நானா இருப்பனா'ன்னு கத்துதாவ. டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போயிட்டாரு." "அந்தப் பை வீணாப் போகல," என்றாள் ஷமீமா, இதை மட்டும் யாரும் தன்னிடம் குறை சொல்லிவிடக் கூடாது என்பவள் போல. "பிரசவ வார்டுக்குப் போயிட்டு. தாயும் பிள்ளையும் சொகம். பை மேல நம்பர்தான் ஒட்டுதோம், ஊரா ஒட்டுதோம்? இவங்க எதுக்குப் போய்ச் சொல்லணும்?" "சொல்லாம விடுவாவளா? எம் மக தலையில கைய வெச்சுச் சத்தியம் பண்ணுன்னு கேப்பாவ. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஏத்தலைன்னா அவ்வளவுதான்னு டாக்டர் சொல்லிட்டாரு." ஜூஸ் பாக்கெட்டின் மூலையை நகத்தால் சுரண்டினாள். பிறகு அவனைப் பார்த்தாள், கூச்சத்தோடு, பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை சம்பளத்தை விசாரிக்கிற மாதிரி. "நீங்க எங்க ஆளுதானே சார்? பாத்தாலே தெரியுதுல்லா. படிப்பு, பேச்சு… எனக்கு ஊரு வேண்டாம், பேரு வேண்டாம். ஆமான்னு தலைய மட்டும் ஆட்டுனாப் போதும். நான் பிள்ள தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணிருவேன். ஒருவேள பொய்யா இருந்தாலும் அந்தப் பாவம் எனக்கு. ஒங்களுக்கு இல்ல."

தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. பை பாதிக்கு மேல் உப்பிவிட்டது. எந்த ஊருலே. வருஷம் போய், கடல் தாண்டிப் போய், திரும்பி வந்து, மல்லாக்கப் படுத்துக்கிடக்கும்போது, லத்தி இல்லாமல், ஜூஸ் பாக்கெட்டை வைத்துக்கொண்டு அதே கேள்வி. தலையை ஆட்டினால் போதும். ஒரு அங்குலம். அவன் எழுதிய அறிக்கையும் அதைத்தானே சொல்கிறது: கொடுப்பவன் யாரென்று தெரிய வேண்டாம். பேர் சொல்லிக் கொடுப்பதெல்லாம் அடிதான் என்று எத்தனை மேடையில் பேசியிருக்கிறான். மிக்சியிலும் சைக்கிளிலும் முகத்தை ஒட்டிக் கொடுக்கிறவனைப் பற்றி, பிறந்தநாளுக்கு ரத்ததான முகாம் போட்டு ஊசி குத்துகிற இடத்திலேயே தலைவர் படத்தை மாட்டுகிறவனைப் பற்றி. வாங்கினவன் ஆயுசுக்கும் குனிந்தே நடக்க வேண்டும் என்றுதான் பேரோடு கொடுக்கிறார்கள். தலையை ஆட்டு ஆசீர். ஆட்டினால் ஏட்டையா பிழைப்பார். தன் ஆள் ரத்தம்தான் என்று நம்பிக்கொண்டு பிழைப்பார், தெற்கூர் அவர் காதுமடலிலும் விரல்நுனியிலும் கண்ணின் சிவந்த நரம்பிலும் சுற்றிவரும், அவருக்குத் தெரியாது, இவனுக்குத் தெரியும், அதில் ஒரு குரூரமான சிரிப்பு உண்டு, ராத்திரி படுத்துக்கொண்டு தனியாய்ச் சிரிக்கலாம். பேரைச் சொன்னால்? ஊசியைப் பிடுங்குவார். தன் கையாலேயே செத்துப்போவார். அப்போது யார் கொன்றது? காமாலை ஒரு கத்தி என்றால் தெற்கூர் அதைவிடக் கூரான கத்தி, பிடியை அவர் கையிலேயே கொடுத்துவிடலாம். உண்மையைத்தானே சொன்னேன் என்று கையைத் துடைத்துக்கொள்ளலாம். யார் சட்டையில்? இந்தப் பொம்பளையின் சட்டையில், புருவத்தில் தையலோடு எதிரே உட்கார்ந்து ஜூஸ் பாக்கெட்டைச் சுரண்டுகிற இவள் முந்தானையில். அப்படியானால் தலையை ஆட்டு. அவன் ஆட்டப் பார்த்தான். கழுத்து வரவில்லை. இடது முழங்கை மாதிரி பாதியில் நின்றது.

ஏனென்றால் பேரில்லாமல் கொடுத்தது மட்டும் அல்ல, பேரில்லாமல் போனதும் உண்டு. ஸ்டேஷனிலிருந்து இவனை அனுப்பிவிட்டார்கள், ஜெபராஜ் தப்பி ஓடிவிட்டான் என்றார்கள். ரயில்வே லைனில் ஒரு பிணம் கிடந்தது. அடையாளம் தெரியாத ஆண் பிரேதம், நிறம் கறுப்பு, முகம் சிதைந்துள்ளது. இதே ஆஸ்பத்திரி இல்லை, வேறு ஊர் ஆஸ்பத்திரி. பிணக்கிடங்கு வாசலில் அப்பா, தெற்கூர் ஞானமணி வாத்தியார், கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளை வேட்டியோடு நின்று, கால் பெருவிரலைப் பார்த்தார். சின்னதில் கலப்பைக் கொழு விழுந்து பிளந்து ஒட்டிய விரல். என் மகன் என்றார். "மூஞ்சியே இல்ல, எப்படிவே ஒம்ம மவன்ங்கீரு?" என்றார்கள். விரல் ஐயா, விரல். "விரல் எல்லாவனுக்கும்தான் இருக்கு." நகராட்சிக்காரர்கள் குழியை மூடினார்கள், சிலுவை இல்லை, அடையாளம் தெரியாதவனுக்கு எந்தச் சாமி என்று யார் கண்டது. அடையாளம் தெரியாதவனுக்கு வழக்கும் கிடையாது, நிவாரணமும் கிடையாது. அப்பா அதற்குப் பிறகு வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது பேரை வாசித்துவிட்டு, பையன் உள்ளேன் ஐயா என்ற பிறகும் அடுத்த பேருக்குப் போகாமல் நின்றுவிடுவாராம். அந்தத் திரையும் அரசு போட்டதுதான். இவன் அதே துணியில் இன்னொரு திரையைத் தைத்து, ஆங்கிலத்தில் வெளுத்து, தமிழில் கஞ்சி போட்டு, நீட்டிக்கொண்டிருக்கிறான். நல்ல காரியத்துக்குத்தான். நல்ல காரியத்துக்குத்தான். பிரசவ வார்டில் தாயும் பிள்ளையும் சுகம். அந்தப் பிள்ளைக்கு யாரென்று தெரிய வேண்டாம்; அது சரி, அது இன்றும் சரி. ஆனால் இங்கே தெரிய வேண்டாம் என்று யாருமே சொல்லவில்லையே. அவர் கேட்கிறார். யாரு ரத்தம் என்று கேட்கிறார். உலகத்தில் அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது, அதைச் சொன்ன ஒவ்வொரு தடவையும் அடி விழுந்தது. பயமாக இருக்கிறதா ஆசீர்? ஆம், பயமாக இருக்கிறது. இத்தனை வயசில், ஒரு கிழட்டு, இடுப்பொடிந்த, வெளுத்த மனுஷன் மாடியில் படுத்திருக்க, அவனுக்கு ஒண்ணுக்கு முட்டுகிறது, இடது கை தன்னால் எழுந்து தலையை மறைக்கப் பார்க்கிறது. அந்த ஆளைக் கொல்ல வேண்டும் என்றிருக்கிறது. அந்த ஆள் சாகாமல், கண்ணைத் திறந்து, காது கேட்டு, பேரை முழுசாய்க் கேட்க வேண்டும் என்றும் இருக்கிறது. இரண்டும் ஒரே குழாயில் போய்க்கொண்டிருக்கின்றன, இரண்டும் சூடாக இருக்கின்றன.

இயந்திரம் கீச்சிட்டது. ஆட்டம் நின்றது. ஷமீமா குழாயை இடுக்கியால் நெரித்து, ஊசியை உருவி, பஞ்சை வைத்து, "மடக்காதீங்க, அழுத்திப் பிடிங்க," என்றாள். பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள், சந்தையில் கத்திரிக்காய் பார்க்கிற மாதிரி. "நல்ல கெட்டி ரத்தம். டெஸ்ட் முடிச்சு மத்தியானத்துக்குள்ள மேல அனுப்பிரலாம். வேற எதுவும் ஞாபகம் வந்துதா சார்? காய்ச்சல், காமாலை?" அவன் கூரையைப் பார்த்தான். மின்விசிறியின் ஒரு இறக்கையில் மட்டும் ஒட்டடை. "இல்ல," என்றான். "எனக்கு ஒரு நோயும் கிடையாது. பை சுத்தமா இருக்கு." தெய்வானை முக்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். பிஸ்கட் பாக்கெட்டை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். "தலைய ஆட்டவே இல்லியே சார்," என்றாள் மெதுவாய். அவன் எழுந்து உட்கார்ந்தான். சுவர் ஒருதரம் சாய்ந்து நிமிர்ந்தது. "அப்பா கேட்டா நீங்க பொய்ச் சத்தியம் பண்ண வேண்டாம்மா," என்றான். "மறைக்கவும் வேண்டாம். நான் சொல்லுததை ஒரு வார்த்தை கூட்டாம குறைக்காம அப்படியே சொல்லணும்." அவள் முகம் கட்டடம் சரிவதைப் போல் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சரிந்தது, ஊரைச் சொல்வதற்கு முன்பே ஊர் தெரிந்துவிட்டது. "சார், ஏத்த விட மாட்டாவ சார். செத்துருவாவ." "தெரியும்மா." "ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுதேன்." ஷமீமா பையைத் தட்டில் வைத்தாள். தெய்வானை கும்பிட்ட கையை இறக்கவில்லை. தையல் போட்ட புருவம் துடிக்க, "சொல்லுங்க," என்றாள்.

ரத்தம் கொடுத்தது தெற்கூர் ஞானமணி வாத்தியார் மகன் ஆசீர், கரிசல்பட்டி ஸ்டேஷனில் நீங்கள் அடித்துக் கொன்ற ஜெபராஜின் தம்பி என்று உங்கள் அப்பாவிடம் சொல்லிவிட்டு, அதன்பிறகு ஏற்றச் சொல்லுங்கள் என்றான்.